உருளு: நாய்க்குப் புரளக் கற்றுக்கொடுக்கும் முறை

நாய் புரள்வது புதிதல்ல. மழை விட்ட மறுநாள் ஈர மணலைக் கண்டாலும், குளிப்பாட்டித் துடைத்துவிட்ட அடுத்த நிமிடத்திலும், அது தானாகவே முதுகைத் தரையில் தேய்த்து, நான்கு கால்களையும் மேலே உதைத்துப் புரண்டு, எழுந்து உடம்பை உதறிக்கொள்ளும். ஏற்கெனவே அதன் உடம்புக்குத் தெரிந்த இந்த அசைவை, நாம் ஒரு சொல் சொன்னதும் செய்யும்படி பழக்குவதுதான் ‘உருளு’ என்னும் வித்தை. நாய் வளர்க்கத் தொடங்கியிருப்பவர்கள், வீட்டில் கிடைக்கும் பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு, அடியும் அதட்டலும் இல்லாமல் இதைக் கற்றுக்கொடுக்கும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நான் பழக்கியது செம்பி என்ற நாட்டு நாயை. அப்போது அதற்கு ஒன்றரை வயது. தோளைப் பிடித்து இரண்டு மூன்று முறை உருட்டிவிட்டால் தானே புரிந்துகொள்ளும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, முதல் நாள் ஒரு பாயை விரித்து அப்படியே செய்தேன். செம்பி கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. உடம்பை விறைத்துக்கொண்டு, காதுகளைப் பின்னுக்கு மடித்து, விழியின் வெண்மை தெரிய என்னை ஓரமாகப் பார்த்தது. அடுத்த நான்கு நாட்கள், அந்தப் பாயை நான் கையில் எடுத்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது. வயிற்றையும் தொண்டையையும் மேலே காட்டிப் படுப்பது நாய்க்கு மிகவும் பாதுகாப்பற்ற நிலை. நம்பிக்கை உள்ள இடத்தில் அது தானாக அப்படிப் படுக்கும், பிடித்துப் புரட்டினால் பயப்படும். ஆகவே இந்த வித்தையில் நான் மாற்றாமல் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: நம் கை நாய்க்கு வழி காட்டலாம், ஆனால் அதன் உடம்பைத் தள்ளக் கூடாது.

நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்கி வைத்தால்தான் நமக்குக் கீழ்ப்படியும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு அடிப்படையான, ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்கான சண்டை ஓயாமல் நடக்கிறது என்ற கருத்து, சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷென்கெல் 1947-இல் எழுதியதிலிருந்து பரவியது. அந்தக் கருத்தைத் தாமும் ஒரு காலத்தில் எடுத்துச் சொன்ன அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் பார்த்த பிறகு, ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999-இல் எழுதித் திருத்திக்கொண்டார். ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றைச் சொல்லி வீட்டு நாயை அமுக்குவதில் எந்த நியாயமும் இல்லை.

தொடங்குவதற்கு முன்

முதலில் நாயின் உடல்நிலையைப் பாருங்கள். டாக்ஸ்ஹுண்ட் போன்ற நீண்ட முதுகுள்ள நாய்களுக்கு முதுகெலும்புத் தட்டு விலகும் ஆபத்து இயல்பாகவே மிகுதி என்பதால், அவற்றுக்கு இந்த வித்தை வேண்டாம். மூட்டுவலி உள்ள வயதான நாய், சினையாக இருக்கும் நாய், அறுவை சிகிச்சை முடிந்து தையல் ஆறாத நாய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு உட்கார்ந்த இடத்திலேயே ‘கை கொடு’ பழக்கலாம். மகிழ்ச்சியில் ஒரு குறைவும் இருக்காது. சாப்பிட்ட உடனே எந்த நாயையும் புரள வைக்கக் கூடாது. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், உணவுக்கும் பயிற்சிக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுவது நல்லது.

இடம் மென்மையாக இருக்க வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் நாய் புரளத் தயங்கும், ஏனென்றால் முதுகெலும்பு உறுத்தும், எழும்போது கால் வழுக்கும். மடித்துப் போட்ட பழைய ஜமக்காளமோ தடித்த கால்மிதியோ போதும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களுக்கு எலும்பின் மேல் சதைப்பிடிப்பு குறைவு. அவற்றுக்கு மெத்தையே விரித்தாலும் தகும். நாய்க்கு மனிதரைப் போல உடம்பெங்கும் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகவே கோடையில் வெயில் ஏறுவதற்கு முன்போ, பொழுது சாய்ந்த பிறகோ மட்டும் பழக்குங்கள். மொட்டைமாடியின் சுட்ட தரையைத் தவிருங்கள்.

வெகுமதி என்பது நாய் உண்மையிலேயே விரும்பும் உணவாக இருக்க வேண்டும். தினமும் தட்டில் விழும் சோற்றுக்காக அது பெரிதாக முயலாது. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த கோழிக்கறி, அவித்த முட்டை, பனீர், முள் நீக்கிய மீன் ஆகியவற்றைச் சுண்டைக்காய் அளவுக்குத் துண்டாக்கிக்கொள்ளுங்கள். துண்டு பெரிதானால் நாய் மென்றுகொண்டே நிற்கும், எதற்காகக் கிடைத்தது என்பது மறந்துபோகும். நாளின் மொத்த உணவில் வெகுமதி பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கும்படி, அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்க்கு நஞ்சு. சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு, சிறிதளவு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. கருவாட்டை நாய் ஆசையோடு தின்னும் என்பது உண்மைதான். அதிலுள்ள உப்பு காரணமாக நான் அதைத் தருவதில்லை.

ஒரு நேரத்துக்குப் பன்னிரண்டு துண்டுகளை எண்ணிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணம் காலியானதும் அன்றைய அந்த வேளைப் பயிற்சி முடிந்தது. மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். நாளுக்கு இரண்டு முறை செய்தால் போதும். நாய் ‘இன்னும் வேண்டும்’ என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவது, அடுத்த வேளைக்கு அது ஓடி வருவதற்கான காரணமாக அமையும்.

குறிச்சொல்

நாய் சரியான அசைவைச் செய்யும் கணத்துக்கும், நம் கையிலிருந்து துண்டு அதன் வாய்க்குப் போகும் கணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று வினாடிகள் கழிந்துவிடும். அதற்குள் அது தலையைத் திருப்பியிருக்கும், எழுந்திருக்கும், வாலை ஆட்டியிருக்கும். இவற்றுள் எதற்கு வெகுமதி என்று அதற்குத் தெரியாது. இந்த இடைவெளியை அடைப்பதற்காக, சரியான கணத்திலேயே ஒரு குறுகிய ஒலியை எழுப்பி, அந்த ஒலிக்குப் பின் உணவு நிச்சயம் வரும் என்று பழக்குகிறோம். அமெரிக்காவில் விலங்குப் பயிற்சியைத் தொழிலாகச் செய்த கெல்லர் பிரெலாண்ட், மரியன் பிரெலாண்ட் தம்பதியர் 1940-களிலேயே இதற்கு விசிலையும் கிளிக் ஒலி எழுப்பும் சிறு கருவியையும் பயன்படுத்தினார்கள். இருவரும் உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னரிடம் பயின்றவர்கள். இன்று ‘கிளிக்கர்’ என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது அந்தக் கருவியின் வழிவந்ததே.

கருவி இல்லாவிட்டாலும் வாயால் சொல்லலாம். நான் ‘டக்’ என்கிறேன். ‘சரி’, ‘நல்ல பிள்ளை’ போன்ற சொற்களை வீட்டில் நாள் முழுவதும் வேறு காரணங்களுக்காகவும் பேசுவோம் என்பதால், அவை குறிச்சொல்லாகப் பயன்படாது. முதல் நாள் வேறெதையும் கேட்காமல், ‘டக்’ என்று சொல்லி ஒரு துண்டு, மீண்டும் ‘டக்’ என்று சொல்லி ஒரு துண்டு என்று பன்னிரண்டு முறை கொடுங்கள். ஒலிதான் முதலில் வர வேண்டும், கை பிறகுதான் அசைய வேண்டும். இரண்டாம் நாள், நாய் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘டக்’ என்றதும் சட்டென்று உங்கள் பக்கம் திரும்பினால், அதற்குப் பொருள் புரிந்துவிட்டது.

படுக்க வைத்தல்

புரள்வதற்கு முன் நாய் படுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் நாயின் மூக்கருகே துண்டைப் பிடித்து, கையை நேராகக் கீழே, அதன் முன்னங்கால்களுக்கு இடையே தரைவரை இறக்கி, பிறகு மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். மூக்கு கையைத் தொடரும், முழங்கைகள் மடிந்து தரையைத் தொடும். அந்தக் கணத்தில் ‘டக்’ சொல்லித் துண்டைத் தரையிலேயே கொடுங்கள். பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு எழும் நாய்க்கு, நீங்கள் தரையில் உட்கார்ந்து ஒரு காலை மடித்து வளைவுபோல் வைத்து, அந்த வளைவுக்கு அடியில் துண்டைக் காட்டி இழுத்தால், அது தாழ்ந்து நுழையும்போது தானாகவே படுத்துவிடும். இதற்கே இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம்.

இடுப்பைப் பார்த்தல்

பலர் தடுமாறுவது இங்கேதான், ஆகவே இதை நிதானமாகப் படியுங்கள். நாய் இரண்டு விதமாகப் படுக்கும். சிலையைப் போல நேராக, பின்கால்கள் இரண்டையும் உடம்பின் இரு பக்கமும் மடக்கி, எப்போது வேண்டுமானாலும் துள்ளி எழத் தயாராகப் படுப்பது ஒன்று. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, பின்கால்கள் இரண்டும் ஒரே பக்கமாகத் தெரியும்படி தளர்ந்து படுப்பது மற்றொன்று. புரள்வதற்கு இரண்டாவது நிலைதான் வேண்டும். உங்கள் நாய் மதிய வேளையில் சும்மா படுத்திருக்கும்போது நாலைந்து முறை கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும். செம்பி வலது இடுப்பில் சாயும், பின்கால்கள் இரண்டும் இடப்பக்கமாக நீண்டிருக்கும். நாய் விரும்பும் அந்தப் பக்கத்தையே முதலில் பழக்குங்கள்.

பின்கால்கள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ, அந்தப் பக்கத் தோளை நோக்கித்தான் துண்டைக் கொண்டுபோக வேண்டும். செம்பிக்கு அது இடது தோள். நேராகப் படுத்திருக்கும் நாய்க்கும் இதே வழி உதவும்: மூக்கிலிருந்து இடது தோள் பக்கமாகத் துண்டை நகர்த்தினால், தலை இடப்பக்கம் திரும்பும், உடம்பின் எடை வலது இடுப்புக்கு மாறும். அந்த மாற்றம் மிகச் சிறியது. பின்தொடை ஒன்று மெல்லத் தளர்ந்து, இடுப்பு ஒரு விரற்கடை அளவு சரியும், அவ்வளவுதான். முதல் சில முறை அதற்கே ‘டக்’ சொல்லி வெகுமதி கொடுங்கள். முழுதாகப் புரளும்வரை காத்திருந்தால், வெறுங்கையைப் பார்த்துச் சலித்து நாய் எழுந்து போய்விடும். விரும்பும் முடிவைச் சிறு சிறு துண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் கூலி கொடுத்து முன்னேறுவதைத்தான் பயிற்சியாளர்கள் ‘வடிவமைத்தல்’ என்கிறார்கள். நாயின் மூக்கிலிருந்து கை நான்கு விரல் தூரத்துக்கு மேல் விலகக் கூடாது; விலகினால் நாய் எழுந்து வந்து கையைத் தேடும்.

பக்கவாட்டில் சாய்ந்து, மல்லாந்து, மறுபக்கம்

இடுப்பு எளிதாகச் சரியத் தொடங்கியதும், துண்டைத் தோளோடு நிறுத்தாமல், தோளுக்கு மேலாக முதுகெலும்பை நோக்கிச் சிறிது கொண்டுபோங்கள். மூக்கு பின்னால் போகப் போக, நாய் முழங்கையில் நிற்க முடியாமல் வலது தோளையும் தரையில் சாய்த்துவிடும். இப்போது அது ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. ‘டக்’. துண்டை அது படுத்திருக்கும் நிலையிலேயே வாயருகே கொண்டுபோய்க் கொடுங்கள். எழுந்து வந்து வாங்கும்படி செய்தால் எழுவதற்குத்தான் கூலி கொடுத்ததாக ஆகும். இந்த நிலையில் இரண்டு மூன்று வேளைகள் தங்குங்கள். பத்து முறையில் எட்டு முறை தயக்கமின்றிச் செய்தால் அடுத்த படிக்குப் போவது என் வழக்கம்.

அடுத்து, ஒருக்களித்த நாயின் மூக்கருகே இருக்கும் துண்டை, முதுகுப் பக்கத் தரையை நோக்கி வில் வளைவதைப் போல நகர்த்துங்கள். தலை அதைத் தொடரும், மார்பு மேலே திரும்பும், முன்னங்கால்கள் காற்றில் மடங்கி நிற்கும். இந்த மல்லாந்த நிலையில் நாய் ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்தில் இன்னொரு கையால் தள்ளிவிடலாம் என்று ஆசை வரும். வேண்டாம். அந்தப் பாதிப் புரளலுக்கே ‘டக்’ சொல்லிக் கொடுத்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து செய்யுங்கள். ஒரு நாள், நாம் எதிர்பாராத நேரத்தில், அதன் எடையே அதை மறுபக்கம் இழுத்துவிடும். செம்பிக்கு அது ஒன்பதாம் நாள் நடந்தது. மறுபக்கம் விழுந்ததும் அது வியப்போடு எழுந்து நின்று, தும்மி, என்னைப் பார்த்தது. கிண்ணத்தில் மீதியிருந்த நான்கு துண்டுகளையும் ஒவ்வொன்றாக அதற்கே கொடுத்து அன்றைய பயிற்சியை முடித்தேன். முதல் முழுப் புரளலுக்கு இப்படித் தாராளமாகக் கொடுப்பது நல்லது.

பயிற்சியின்போது நாய் பசியில்லாமல் அடிக்கடி உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டாலோ, வாலை ஒடுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாலோ, அது சங்கடப்படுகிறது என்று பொருள். உடனே எளிதான முந்தைய படிக்குப் போய், ஒரு வெகுமதியோடு முடித்துவிடுங்கள். உறுமினால் திட்டாதீர்கள்; உறுமல் எச்சரிக்கைதான், அதை அடக்கினால் எச்சரிக்கையில்லாமல் கடிக்கும் நாய் உருவாகும். முன்பு தயங்காமல் புரண்ட நாய் திடீரென்று மறுத்தால், வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கையிலிருந்து உணவை எடுத்தல், சொல்லைச் சேர்த்தல்

உணவைக் கையில் காட்டிக்கொண்டே வெகுநாள் பழக்கினால், உணவு தெரிந்தால் மட்டுமே புரளும் நாயாகிவிடும். ஆகவே முழுப் புரளல் நாலைந்து முறை வந்ததுமே, துண்டு இல்லாத கையால் அதே வளைவைக் காட்டுங்கள். நாய் புரண்டதும் ‘டக்’ சொல்லி, மறு கையால் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். சில நாட்களில் அந்த வளைவைச் சுருக்கிச் சுருக்கி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போடும் அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். நாய்கள் பொதுவாகச் சொல்லைவிடக் கைச்சைகையை விரைவில் பிடித்துக்கொள்ளும். பிறவியிலேயே காது கேளாத நாய்கள் வெள்ளை நிறத்தவற்றில் கூடுதலாகக் காணப்படும். அவற்றுக்குச் சைகை ஒன்றே கட்டளையாகப் போதும். ‘டக்’ ஒலிக்குப் பதிலாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ஆயிற்று.

சைகைக்கு உறுதியாகப் புரளத் தொடங்கிய பிறகே சொல்லைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே ‘உருளு, உருளு, உருளு’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், எதுவும் நடக்காத பொழுதில் கேட்கும் வெற்று ஒலியாக அது நாய்க்குப் பதிந்துவிடும். முறை இதுதான்: ‘உருளு’ என்று ஒரே ஒரு முறை தெளிவாகச் சொல்லி, ஒரு வினாடி விட்டு, பிறகு சைகை காட்டுங்கள். சொல்லும் சைகையும் ஒன்றாக வந்தால் நாய் சைகையை மட்டும் பார்க்கும், சொல்லைக் கேட்காது. இருபது முப்பது முறைக்குப் பின், சைகை வருவதற்கு முன்பே சில நேரம் நாய் சாயத் தொடங்கும். அதுதான் சொல் பதிந்ததற்கான அடையாளம். அந்த முறைக்கு இரண்டு துண்டுகள் கொடுங்கள்.

கட்டளையை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா ‘உருளு’ என்றும், தாத்தா ‘எங்கே, புரண்டு காட்டு’ என்றும், பிள்ளைகள் ‘ரோல்’ என்றும் சொன்னால், நாய் மூன்று புதிய கட்டளைகளைக் கற்க வேண்டியிருக்கும். குழந்தைகளுக்குத் துண்டை விரல் நுனியில் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், நாய் ஆவலில் விரலைக் கவ்வாது.

இடம் மாற்றுதல், வெகுமதியைக் குறைத்தல்

கூடத்தில் அழகாகப் புரளும் நாய் வாசலில் நின்று விழித்தால், அது பிடிவாதமன்று. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குப் பொருத்திப் பார்ப்பது நாய்க்கு எளிதல்ல. பாயைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோய், சைகையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். இரண்டாம் முறை விரைவில் பிடித்துக்கொள்ளும். பிறகு வேறொருவர் அருகில் இருக்கும்போது, பிறகு தெருவில் வண்டி போகும்போது என்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு கடினத்தைக் கூட்டுங்கள்.

எல்லா இடங்களிலும் நிலைத்த பின், ஒவ்வொரு புரளலுக்கும் உணவு தர வேண்டியதில்லை. ஒரு முறை துண்டு, அடுத்த முறை கழுத்தைச் சொறிந்துவிடுதல், அதற்கடுத்து பந்து எறிதல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். எப்போது எது வரும் என்று தெரியாதபோது நாயின் ஆர்வம் குறைவதில்லை. கேட்காமலே வந்து புரண்டு புரண்டு காட்டினால், சிரிப்பு வந்தாலும் அப்போது உணவு தராதீர்கள். சொல்லிச் செய்ததற்கு மட்டுமே கூலி.

செம்பி இப்போது மாலை உலா முடிந்து வந்ததும் ஜமக்காளத்தில் ஒரு முறை புரளும். ‘உருளு’ என்ற பிறகு மல்லாந்த நிலையிலேயே சில வினாடிகள் இருக்கும்படி, ‘டக்’ சொல்வதை நான் சற்றுத் தள்ளித் தள்ளிப் பழக்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் அக்குளிலும் அடிவயிற்றிலும் கால் விரல் இடுக்குகளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுகிறேன். மழைக்காலத்தில் சில நாட்கள் ஒன்றிரண்டு அகப்படும். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கும்வரை அது அசையாமல் படுத்திருக்கும், எடுத்து முடித்ததும் ‘டக்’ சொல்லி ஒரு துண்டு கோழிக்கறி கொடுப்பேன்.